முயலிடம் சொல்லி அனுப்புகிறவர்

காலைக் காப்பியில் முதல் மிடறைக் குடித்ததும் ரத்தினசாமி அண்ணன் டம்ளரை முழங்கால்மேல் நிறுத்திக்கொள்வார். முயல்கூண்டை நோக்கிச் சற்றே சாய்வார். கம்பிக்கு உள்ளே இருக்கும் முயலிடம், கடைப் பையனை ஏவுகிற குரலில் சொல்வார்:

"மாசிலாமணி, சீனி பத்தலைன்னு சொல்லு."

கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில், நிலைப்படிக்கு ஓரமாக இருக்கிறது கூண்டு. அடுப்படியிலிருந்து அவர் மனைவி சொர்ணலட்சுமி மதினி வெங்காயத்தை உரித்துக்கொண்டே முயலுக்குத்தான் பதில் சொல்வார்:

"மாசி, போன மாசம் டெஸ்ட்டுல சுகரு எம்புட்டு வந்துச்சுன்னு பிரஸ்காரகளை ஞாபகப்படுத்திப் பாக்கச் சொல்லு."

முயல் இரு தரப்பையும் கேட்டுக்கொண்டு பிஸ்கட் தின்னும். அண்ணன் சீனியில்லாத காப்பியைக் குடித்து முடிப்பார்.

அவரைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லாத விவரங்கள் இவை. வயது ஐம்பத்தெட்டு. என் பெரியப்பாவின் இரண்டாவது மகன். சிவகாசியில் விஸ்வநத்தம் சாலையில், பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் அச்சடிக்கும் அச்சகம் நடத்துகிறார். வெள்ளை அரைக்கைச் சட்டையைத் தவிர வேறு அணிந்து நான் கண்டதில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறிய லென்ஸ் இருக்கும். அச்சில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், யார் வீட்டுக் கல்யாணம் என்று படிப்பதற்கு முன் லென்ஸை வைத்துப் பிள்ளையாரைப் பார்ப்பார். "செகப்பு ஒதுங்கியிருக்கு" என்பார். அதன் பிறகுதான் மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரிப்பார்.

எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே தீர்வு: "நிப்பாட்டு." இயந்திரத்தில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு முன்பே நிப்பாட்டச் சொல்வார். செய்தித்தாளில் ஓர் இரங்கல் விளம்பரத்தின் படம் மங்கலாக வந்திருந்ததற்காக அந்தத் தாளையே நிப்பாட்டினார். இறந்தவர் அவருக்கு அறிமுகமானவர்கூட அல்ல. கிருதாவை ஒரு பக்கம் ஏற்றி வெட்டியதற்காக முடிதிருத்தும் கடையை மாற்றினார். புதிய கடை வடக்கு ரத வீதிக்கு அப்பால் இருக்கிறது. வெயிலில் நடந்து போய் வருகிறார்.

அச்சகத்தில் இயந்திரம் ஓட்டும் சீனிச்சாமி இதைப் பற்றி அவர் காதுபடவே சொல்வதுண்டு: "அண்ணாச்சிக்குக் கோவம் வந்துட்டா மொதல்ல மெயின் சுவிட்சு எங்கன இருக்குன்னுதான் பாப்பாக. நல்லவேளை, சூரியனுக்குச் சுவிட்சு வைக்கல."

"வச்சிருந்தா உனக்கு ஓவர்டைம் கெடையாதுலே" என்பார் அண்ணன். சிரிக்க மாட்டார்.

உடம்புக்கும் அதே வைத்தியம்தான். காய்ச்சல், செரியாமை, தலைவலி, முழங்கால் பிடிப்பு, எதுவானாலும் வயிற்றைக் காயப்போட வேண்டும். "பட்டினி கெடந்தா பாதி நோய் போயிரும். மீதி நோய் பயந்து போயிரும்" என்பது அவர் வாக்கு. ஒருமுறை கடுமையான வயிற்றுவலியை வெறும் வெந்நீரைக் குடித்தே வென்றதாகச் சொல்வார். அந்த வலிக்குக் காரணம் முந்தைய நாள் தின்ற மாம்பழங்கள் என்பது மதினியின் கட்சி. முயல் வழியாக இது பலமுறை விவாதிக்கப்பட்டிருக்கிறது.

அவர்கள் இருவரும் நேரில் பேசிக்கொள்ளாமல் போனதற்கும் காரணம் ஒரு நிப்பாட்டல்தான். மதினியின் தம்பி பாலகுருவுக்கு அப்போது ஆனைக்குட்டம் பக்கம் ஒரு சிறிய பட்டாசுக் கம்பெனி இருந்தது. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். புஸ்வாணப் பெட்டி லேபிளில் மயிலின் நீலம் வெளிறியிருக்கிறது என்று, அச்சகத்தில் ஆட்கள் நிற்கையில் பாலகுரு சொல்லிவிட்டார். அண்ணன் லென்ஸை எடுத்து மயிலைப் பார்த்தார். "பாலகுரு ஆர்டரை நிப்பாட்டு" என்றார். லேபிள் இல்லாத பெட்டியை யாரும் வாங்குவதில்லை; பாலகுருவின் லோடு ஷெட்டை விட்டு நகரவில்லை; சீசன் முடிந்துவிட்டது. மறு ஆண்டு அவர் கம்பெனியைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனார்.

அண்ணன் லேபிளை நிறுத்திய அன்று மாலையே மதினி பேச்சை நிறுத்தினார். மற்றபடி குடும்பத்தில் குறையில்லை. சமையல் நடந்தது. கோயிலுக்கு ஒரே காரில் போனார்கள். விசேஷ வீடுகளில் மொய்யை இருவர் பெயரிலும்தான் எழுதினார்கள். அண்ணனும் தாமாக ஒரு சொல் பேசவில்லை. நிறுத்திய எதையும் முதலில் தொடங்குவது அவர் வழக்கமல்ல.

அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த அவர்கள் மகள் அனுப்பிரியா, அந்த வீட்டின் தபாலாக வளர்ந்தாள். "அம்மாகிட்டச் சொல்லு", "அப்பாகிட்டக் கேளு" என்ற இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் அவள் படித்துத் தேறினாள். கல்லூரியில் சேர்ந்ததும் மதுரையிலிருந்து ஒரு வெள்ளை முயல்குட்டியை வாங்கிவந்து மார்ஷ்மெல்லோ என்று பெயர் வைத்தாள். அண்ணன் வாயில் அது ஒரே வாரத்தில் மாசிலாமணி ஆயிற்று. கல்யாணமாகி அவள் கோயம்புத்தூர் போனபோது முயல் இங்கேயே தங்கிவிட்டது.

மகள் போன பின் சில நாள்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. அந்த நாள்களில் ஒருமுறை அண்ணன் என்னை அழைத்து, மதினியிடம் ஒரு செய்தியைச் சொல்லச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். எங்கள் வகையறாவின் பிறப்பு, இறப்பு, திருமண விவரங்களைத் தொகுத்து வைப்பவன் நான். கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு பக்கத்துச் சொல்லை மறுபக்கம் கொண்டுபோகிறவன் நாளை எழுதுவதை யார் நம்புவார்கள்? "அப்ப உன்னால ஆகாது" என்றார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். முயல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று முதல் அந்த வீட்டின் எல்லா முடிவுகளும் அந்த நீண்ட காதுகளின் வழியாகத்தான் நடந்தன. மதினியின் கண் அறுவைக்கு நாள் குறித்தது, புதிய இயந்திரத்துக்குக் கடன் வாங்கியது, மகள் ஊருக்கு வரும் தேதி எல்லாமே. இதற்கென்று ஒரு மரியாதையும் அமைந்தது. மதினியைப் பற்றிச் சொல்லும்போது அண்ணன் "அடுப்படில இருக்கவுக" என்பார். மதினிக்கு அண்ணன் "பிரஸ்காரக". இருவரும் கோபத்திலும் முயலைத் திட்டியதில்லை. "அது என்ன செய்யும், சொன்னதைச் சொல்லுது" என்று மதினி ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நன்றிக்கடனாகவோ என்னவோ இருவரும் அதற்குத் தின்னக் கொடுத்தார்கள். காப்பியோடு அண்ணன் பிஸ்கட் கொடுப்பார். அவர் அச்சகத்துக்குப் போனதும் மதினி இட்லியைப் பிட்டு வைப்பார். ஒருவர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது. முயலும் அந்தச் செய்தியை மட்டும் கடத்தவில்லை.

2024ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை முற்பகலில் நான் விருதுநகரிலிருந்து அங்கே போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மதினி கூண்டருகில் குந்தியிருந்தது தெரிந்தது.

"தம்பி, இங்கன வாங்க. இதைப் பாருங்க."

முயல் மூலையில் உடம்பைக் குறுக்கிப் பந்துபோல் உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. மதினி அதன் காதைத் தொட்டுப் பார்த்து, என் கையையும் இழுத்து வைத்தார். காது சில்லென்று இருந்தது.

"காலையில கூண்டுத் தட்டைக் கழுவ எடுத்தேன். ஒரு புழுக்கை இல்ல. வெளக்கி வச்ச மாதிரி இருக்கு. நேத்துத் தின்னதெல்லாம் எங்கன போச்சு?"

கூடத்தின் மறுகோடியில் அண்ணன் லேபிள் நகல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. ஆனால் லென்ஸ் ஒரே இடத்தில் நின்றது.

மதினி மகளைக் கைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். அனுப்பிரியா நிலைமையைக் கேட்டதும் குரலை மாற்றினாள்.

"அம்மா, இதைச் சாயங்காலம் பாத்துக்கலாம்னு வைக்காத. முயலுக்குக் குடல் வேலை செய்யாம நின்னா ஒரு நாள் தாங்குறதே பெரிசு. விருதுநகர்ல வளர்ப்புப் பிராணி ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு, நான் போன் பண்ணிச் சொல்றேன். வெந்நி பாட்டிலைத் துண்டுல சுத்திப் பக்கத்துல வை. அப்பாவைக் காரை எடுக்கச் சொல்லு."

மதினி முயலின் பக்கம் குனிந்தார். "மாசி" என்று தொடங்கினார். அது கண்ணைத் திறக்கவில்லை. நோயாளியிடம் சத்தமாகப் பேசக் கூடாது என்பதுபோல் குரலைத் தணித்துக்கொண்டு, "காரை எடுக்கச் சொல்லு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆணியில் தொங்கிய சாவி அண்ணன் கையில் இருந்தது.

அண்ணன் ஓட்டினார். நான் பக்கத்தில். மதினி பின்னிருக்கையில், மடியில் துண்டு, துண்டுக்குள் முயல். இரயில்வே கேட் அடைத்திருந்தது. எங்களுக்கு முன்னால் அட்டைப்பெட்டி ஏற்றிய லோடு வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கோ ஒரு தொழிற்சாலையில் வெடியைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது. வழக்கமாக அதற்குத் துள்ளி எழும் முயல் அசையவில்லை. கேட்டில் நிற்கையில் இஞ்சினை அணைப்பது அண்ணனின் நெடுநாள் சிக்கனம், அன்று அணைக்கவில்லை. ஆமத்தூரைத் தாண்டும் வரை காருக்குள் யாரும் வாய் திறக்கவில்லை. பேசுவதற்கு முயல் ஒன்றுதான் இருந்தது; அதைத் தொந்தரவு செய்ய இருவருக்கும் மனமில்லை.

மருத்துவர் வேல்விழிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். முயலின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் நெடுநேரம் கேட்டார்.

"குடல் சத்தமே இல்லையே" என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அடைப்பு எதுவும் தெரியவில்லை. வயிறு காற்றால் உப்பியிருந்தது. குடல் ஓட்டம் நின்றிருந்தது. அடைப்பு இல்லாததால் மருந்தும் உணவும் கொடுத்துப் பார்க்கலாம் என்றும், இன்றைய பொழுதைத் தாண்டினால்தான் எதையும் சொல்ல முடியும் என்றும் சொன்னார். பிறகு எழுதுகோலை எடுத்துக்கொண்டு கேட்டார்:

"கடைசியா எப்போ சாப்பிட்டுச்சு?"

"நேத்துக் காலையிலயும் சாயங்காலமும் நல்லாத் தின்னுருக்கு டாக்டர்" என்றார் மதினி. "ரெண்டு தடவையும் வந்து பாத்தேன். கிண்ணம் காலியா இருந்துச்சு."

அண்ணன் தொண்டையைச் செருமினார். மருத்துவரின் மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"நேத்துக் காலையில பிஸ்கட்டை மோந்து பாத்துட்டு விட்டுருச்சு டாக்டர். வயிறு சரியில்லபோலன்னு கிண்ணத்துல இருந்ததை எல்லாம் நான்தான் எடுத்துக் கொட்டுனேன். சாயங்காலமும் எடுத்தேன். வயித்தைக் காயப்போட்டா சரியாயிரும்னு."

மதினி திரும்பி அவரைப் பார்க்கவில்லை. முயலைச் சுற்றியிருந்த துண்டின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

"சாப்பிடலைங்கிறதை நீங்க வீட்டுல யார்ட்டயும் சொல்லலையா சார்?"

"சொன்னேன்" என்றார் அண்ணன். துண்டைக் காட்டி, "இதுகிட்டச் சொன்னேன். அடுப்படில இருக்கவுக அப்ப கொல்லைல இருந்தாகபோல" என்றார்.

மருத்துவர் முயலைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். விளக்கம் வருமோ என்று என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?" என்று கேட்டார்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துத் துடைத்தார்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மனிதனுக்கு வயிறு கெட்டால் ஓய்வு கொடுக்கலாம். முயலின் குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டினி போட்டால் நின்றுவிடும், நின்றதைத் திரும்ப ஓட்டுவது கடினம். அதற்குப் புல்தான் சோறு. "புல்லு போடுறீங்களா?" என்று கேட்டார். சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு வாங்கும் அருகம்புல்லில் மிஞ்சியதைப் போடுவதாக மதினி சொன்னார். பிஸ்கட், இட்லி இரண்டும் அப்போதுதான் ஒரே இடத்தில் வைத்துப் பேசப்பட்டன. மருத்துவர் இரண்டையும் எழுதிக்கொண்டு இரண்டையும் அடித்தார்.

வலிக்கு ஊசி போட்டார். தோலுக்கு அடியில் நீர் ஏற்றினார். சற்று நேரம் கழித்து, ஊசி நீக்கிய சிரிஞ்சில் பச்சைக் கூழை நிரப்பினார். உதவியாளர் அன்று விடுப்பு.

"ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் ஊட்டணும். வாய்க்குப் பக்கவாட்டுல, கொஞ்சம் கொஞ்சமா. அது முழுங்கின பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டா மூச்சுல போயிரும்."

அண்ணன் மேசைமேல் துண்டோடு முயலை அணைத்துப் பிடித்தார். மதினி சிரிஞ்சை எடுத்தார். முதல் துளி தாடையில் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. முயல் தலையைத் திருப்பியது. அண்ணன் உள்ளங்கையைக் கன்னத்துக்கு அண்டை கொடுத்தார். மதினி அவர் விரல்களுக்கு நடுவில் சிரிஞ்சை நுழைத்தார். இருவர் தலையும் ஏறக்குறைய முட்டிக்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து அதன் வாய் மெல்ல அசைந்தது. ஒரு மிடறு இறங்கியது. அண்ணன் மதினியின் கையைப் பார்த்துத் தலையசைத்தார். மதினி அடுத்த துளியைக் கொடுத்தார்.

முயலை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்படி மருத்துவர் சொன்னார். "புழுக்கை போட்டா பொழைச்சிரும். போட்டதும் போன் பண்றேன்." புறப்படும்போது மதினி தம் துண்டைத் திரும்ப வாங்கவில்லை, அதன் வாசனை அதற்குப் பழக்கம் என்றார்.

விருதுநகரிலேயே என்னை இறக்கிவிட்டிருக்கலாம். அண்ணன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்களோடு சிவகாசிக்கே திரும்பினேன். மாலையில் விளக்கேற்றும் நேரம். மதினி அடுப்படியில் இருந்தார். குழம்பு கொதிக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. திறந்தபடி கிடந்த கூண்டின் முன், வழக்கமான நாற்காலியில், அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய கைபேசி ஒலித்தது. "சொல்லுங்க டாக்டர்" என்றார். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. "சரி... சரிங்க... ரொம்பச் சந்தோசம்" என்றார். வைத்தார்.

செய்தி அவர் கையில் இருந்தது. அதற்காகக் காத்திருப்பவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். என்னிடம் சொல்லலாமா என்று யோசித்திருக்க வேண்டும். அந்த வழி அடைபட்டது என்பது நினைவுக்கு வந்திருக்கவும் வேண்டும். பிறகு பழக்கம் அவர் தலையைத் திருப்பியது. கூண்டை நோக்கிச் சற்றே சாய்ந்தார்.

"மாசிலாமணி" என்றார். "முயலு புழுக்கை போட்டுருச்சாம்னு சொல்லு."

மதினி நிலைப்படிக்கு வந்து நின்றார். கையில் கரண்டி இருந்தது. கூண்டைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"கூண்டுல யாரும் இல்ல" என்றார்.

அண்ணன் எழுந்து, நாற்காலியைத் தூக்கி, அடுப்படிப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"போட்டுருச்சு" என்றார். "ஏழெட்டு இருக்குமாம்."

"ஈரமாவா, காஞ்சா?"

"அதைக் கேக்கல."

"அதையில்ல கேக்கணும்."

அவர் கைபேசியில் கடைசியாக வந்த எண்ணை மறுபடி அழுத்தினார். மணி போகும் சத்தம் கேட்டதும் அதைக் காதில் வைத்துக்கொள்ளாமல் மதினியிடம் நீட்டினார்.

"இந்தா. நீயே கேளு."

மதினி கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டார். அதற்கு முன் அவர்கள் கடைசியாக நேருக்கு நேர் பேசியது 2012ஆம் ஆண்டு புரட்டாசியில். பதினோரு ஆண்டு, பத்து மாதம்.